நெருப்பு வருமுன் விழித்திருப்பவர்கள்

(கரிமண் காட்டுத் தீயும் தீக்காவலும் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்க உரையும் கேள்வி பதிலும்)



கோலசிலாங்கூர் பட்டணத்திலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனால், சிலாங்கூர் ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தான் என்ற சிறிய கிராமம் வரும். உங்களில் பலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போயிருப்பீர்கள். இருட்டிய பிறகு சம்பானில் ஏறி உட்கார்ந்தால், படகோட்டி சத்தமில்லாமல் துடுப்புப் போட்டுக் கரையோரமாகக் கொண்டுபோவார். அங்குள்ள பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிப் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணையும். மரமே தீப்பற்றிக்கொண்டதுபோல் இருக்கும். ஆனால் சுடாது. அந்தப் பூச்சியின் உடலில் நடக்கும் இரசாயன மாற்றத்தால் பிறக்கும் ஒளியில் வெப்பம் ஏறக்குறைய கிடையாது. 'குளிர்ந்த ஒளி' என்று அறிவியல் அறிஞர்கள் அதைச் சொல்வார்கள்.

அந்தச் சுடாத ஒளியைப் பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அதே ஆற்றுக்கு வடக்கே, வேறொரு நெருப்பைக் கண்காணிப்பதற்காகச் சிலர் விழித்திருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவதில்லை. அவர்கள் தேடுவது சுடும் நெருப்பு. அதுவும் மண்ணுக்கு அடியில் ஒளிந்துகொண்டு எரியும் நெருப்பு. அந்தத் தீக்காவலர்கள் என்ன செய்கிறார்கள், அவர்கள் வேலை நமக்கு ஏன் முக்கியம் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

கோலசிலாங்கூர் மூச்சுத் திணறிய நாள்கள்

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுமாத்ராவில் எரிந்த காடுகளின் புகை காற்றோடு மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து நம் மேற்குக் கரையை மூடிக்கொண்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினாலே உடல்நலத்துக்குக் கேடு. 300ஐத் தாண்டினால் பேராபத்து. கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அது 500ஐயும் தாண்டிவிட்டது. ஆகஸ்டு 11ஆம் நாள் அந்த இரண்டு வட்டாரங்களிலும் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. பள்ளிகளை மூடினார்கள். அலுவலகங்களை மூடினார்கள். காற்று சற்றுத் தெளிந்த பிறகு, இரண்டு நாள் கழித்து, 13ஆம் நாள் அது மீட்டுக்கொள்ளப்பட்டது.

போர் இல்லை, கலவரம் இல்லை. மூச்சு விடும் காற்றுக்காக ஓர் அவசர நிலை! ஆஸ்துமா உள்ள பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கு அந்த நாள்கள் இன்னும் மறந்திருக்காது.

அதோடு முடிந்ததா? 2013 ஜூன் மாதம் ஜொகூரில் மூவார், லேடாங் வட்டாரங்களில் மறுபடியும் அவசர நிலை. 2015இலும் 2019இலும் மறுபடியும் புகைமூட்டம். ஒவ்வொரு முறையும் நாம் முகக்கவசம் தேடி மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். புகை எங்கே பிறக்கிறது என்று தேடுபவர்கள் குறைவு. கடல் தாண்டி வருவது ஒரு பங்கு. ஆனால் நம் கொல்லைப்புறத்திலேயே பிறக்கக்கூடிய புகையும் உண்டு. அது பிறக்கும் இடம் எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் தீக்காவலரின் வேலை நமக்குப் புரியும்.

மண்ணே எரியும் நிலம்

வடக்கே பெர்ணம் ஆறு. தெற்கே சிலாங்கூர் ஆறு. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 80,000 ஹெக்டர் பரப்பில் வட சிலாங்கூர் சதுப்புக் காடு படுத்திருக்கிறது. ராஜா மூசா வனக்காப்பகமும் சுங்கை காராங் வனக்காப்பகமும் அதன் பெரும் பகுதிகள். தீபகற்ப மலேசியாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பெரிய சதுப்புக் காடுகளில் இதுவும் ஒன்று. தஞ்சோங் காராங், செகிஞ்சான் வட்டாரத்து நெல் வயல்களுக்குத் தண்ணீரைத் தேக்கி வைத்துக் கொடுக்கும் இயற்கையான குளம் இந்தக் காடுதான். அதைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், கம்பங்கள், நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை போன்ற ஊர்கள். பத்தாங் பெர்ஜுந்தைக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர்.

இந்தக் காட்டின் மண்ணை மலாயில் 'தானா கம்புட்' என்பார்கள். தமிழில் கரிமண் என்று வைத்துக்கொள்வோம். பெயருக்குத்தான் மண். உண்மையில் அது மக்காமல் கிடக்கும் இலை, வேர், மரக்கட்டைகளின் குவியல். தண்ணீர் தேங்கிய இடத்தில் காற்று நுழையாது. காற்று நுழையாவிட்டால் இலைதழை முழுதாக மக்காது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் அது உயர்ந்துகொண்டே வரும். ஒரு மீட்டர் கனம் சேர ஆயிரம் ஆண்டு அளவில் ஆகலாம். ஈரமாக இருக்கும்வரை அந்த மண்ணில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அப்போது அதில் நெருப்பு வைத்தாலும் பிடிக்காது.

ஆனால் தண்ணீரை வடித்துவிட்டால்? அப்போது அது மண்ணாக இருப்பதில்லை, விறகாகிவிடுகிறது. 1990இல் இப்பகுதி வனக்காப்பகமாக அரசிதழில் அறிவிக்கப்படுவதற்கு முன்பு, மரம் வெட்டியவர்கள் காட்டுக்குள் கால்வாய்களை வெட்டினார்கள். வெட்டிய மரத்தை மிதக்கவிட்டு வெளியே கொண்டுவர அது வசதி. பிறகு விவசாயத்துக்காகச் சுற்றிலும் வடிகால்கள் வந்தன. மரம் போய்விட்டது. கால்வாய் இருக்கிறது. இரவு பகலாகக் காட்டின் தண்ணீரை அது வெளியே கொண்டுபோய்க்கொண்டே இருந்தது.

நம் பாட்டிமார்கள் வரட்டி அடுப்பு மூட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். மேலே பார்த்தால் வெறும் சாம்பல். உள்ளே கனல் நகர்ந்துகொண்டே இருக்கும். 'நீறு பூத்த நெருப்பு' என்று நாம் சொல்வது கரிமண் தீக்கு அப்படியே பொருந்தும். சுடர் தெரியாது. புல்லுக்கு அடியில் ஒரு முழம், இரண்டு முழம் ஆழத்தில் பக்கவாட்டில் ஊர்ந்து போகும். இன்றைக்கு ஓர் இடத்தில் அணைத்தோம் என்று திரும்புவோம். மூன்றாம் நாள் சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில் புகை வரும். வேர் எரிந்துவிட்டதால், பச்சையாக நிற்கும் மரம் காற்றே இல்லாமல் சாயும். மேலே நடப்பவரின் கால் திடீரென்று கனல் குழிக்குள் இறங்கும்.

இதில் இன்னொரு சங்கடம். கரிமண் நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. மேலே ஊற்றும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். அதனால் தீயணைப்பு வீரர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால் மட்டும் போதாது. கால்வாயை அடைத்து, குழாய்க் கிணறு போட்டு, அந்த நிலத்தையே தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெருமழைக்காகக் காத்திருக்க வேண்டும். வாரக் கணக்கில் புகை கிளம்பிக்கொண்டே இருக்கும்.

இப்போது உங்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். சாதாரணத் தீயைத் தாமதமாகப் பார்த்தால் இழப்பு கூடும். கரிமண் தீயைத் தாமதமாகப் பார்த்தால் அணைப்பதே மனிதர் கையில் இல்லாமல் போய்விடும். ஆகவேதான் இங்கே தீயணைப்பவரைவிடத் தீக்காவலர் முந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காலங்காலமான வேலை

தீயைக் காவல் காப்பது புதிய வேலை அல்ல. கி.பி. 6ஆம் ஆண்டிலேயே ரோமாபுரிப் பேரரசர் அகஸ்டஸ் இரவில் நகரத்தைச் சுற்றி வந்து தீயைக் கண்காணிக்க ஏழு படைப் பிரிவுகளை அமைத்தார். இஸ்தான்புல் நகரில் தீயைப் பார்ப்பதற்கென்றே 1828இல் கல்லால் கட்டிய பெயாசித் கோபுரம் இன்றும் நிற்கிறது. போலந்து நாட்டின் கிராகோவ் நகரில் தேவாலயக் கோபுரத்தின் உச்சியிலிருந்து மணிக்கொரு முறை எக்காளம் ஊதுகிறார்கள். ஊதுபவர்கள் யார் தெரியுமா? தீயணைப்பு வீரர்கள்தான்!

இரண்டாம் உலகப் போரில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 1940 டிசம்பர் 29ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மாநகரின் மீது தீக்குண்டுகளை மழையாகப் பொழிந்தன. செயின்ட் பால் பேராலயத்தைச் சுற்றி எல்லாமே எரிந்தன. பேராலயம் மட்டும் தப்பியது. அங்கே 'செயின்ட் பால் காவல்' என்ற தொண்டர் குழு இரவெல்லாம் கூரையில் விழித்திருந்தது. குண்டு விழுந்தவுடன் ஓடிப்போய், தீ பரவுவதற்குள் மண்ணும் தண்ணீரும் போட்டு அணைத்தார்கள். அவர்களிடம் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் விழித்திருந்த கண்கள், பக்கத்தில் தயாராக இருந்த வாளி. தீ சிறியதாக இருக்கும்போது ஒரு வாளி போதும். பெரியதாகிவிட்டால் ஒரு படையும் போதாது.

நம் தோட்டப்புறத்திலும் இந்த வேலை இருந்தது. ரப்பர் காலத்தில் ஷீட்டுகளைப் புகை போடும் கொட்டகையில் விறகு நெருப்பு நாள் கணக்கில் எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள இரவில் ஓர் ஆள் வேண்டும. சூடு குறைந்தால் ஷீட்டில் பூசணம் பிடிக்கும். கூடினால் ஷீட் கெட்டுப்போகும், கொட்டகையும் எரியும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும்போது நிரை முழுதும் சருகு மூடிக் கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். அந்த நாளில் புகை எங்கே தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதும் ஜாகாவின் பொறுப்புத்தான். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'புகை வீட்டுக்காரர் தூங்கினால் தோட்டமே எழுந்திருக்க வேண்டும்' என்பதன் பொருள் அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ராஜா மூசா காட்டோரத்தில்

இனி இன்றைய கதைக்கு வருவோம். ராஜா மூசா வனக்காப்பகத்தில் எரிந்தும் அழிந்தும் போன பகுதிகளை மீட்கும் வேலையை சிலாங்கூர் வனத்துறை 'குளோபல் என்விரோன்மென்ட் சென்டர்' என்ற அமைப்போடு சேர்ந்து 2008இல் தொடங்கியது. 2012இல் சுற்றுவட்டாரக் கம்பத்து மக்கள் சேர்ந்து 'சஹாபாட் ஹூத்தான் கம்புட் சிலாங்கூர் உத்தாரா' என்ற குழுவை அமைத்தார்கள். வட சிலாங்கூர் கரிமண் காட்டு நண்பர்கள் என்று பொருள். அவர்கள் நாற்று வளர்க்கிறார்கள், மரம் நடுகிறார்கள், தீக்காவலும் பார்க்கிறார்கள். பள்ளி மாணவர்களை இளம் காட்டுக் காவலர்களாகப் பழக்கும் திட்டமும் இவ்வட்டாரத்தில் உண்டு.

கரிமண் காட்டில் தீக்காவல் என்றால் என்ன வேலை? கோபுரத்தில் ஏறித் தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். அதை ஐந்தாகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, தண்ணீரைப் பார்ப்பது. தீக்காவலர் முதலில் பார்க்க வேண்டியது நெருப்பை அல்ல, தண்ணீரைத்தான். துளை போட்ட குழாய் ஒன்றை மண்ணில் இறக்கி வைத்து, உள்ளே தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று அளந்து எழுதுவார்கள். தண்ணீர் மேலே இருந்தால் நிம்மதி. கீழே இறங்க இறங்க மேல் மண் விறகாகிறது. இந்தோனேசியாவில் 2014இல் வந்த கரிமண் பாதுகாப்பு விதிமுறை, நிலத்தடி நீர் 40 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அந்த நிலம் கெட்டுவிட்டதாகவே கணக்கில் கொள்கிறது. இரண்டு சாண் ஆழம்தான். அதற்குள் நம் மூச்சுக்காற்றின் கதி இருக்கிறது.

இரண்டாவது, தடுப்பணையைப் பார்ப்பது. பழைய கால்வாய்களைக் கட்டையாலும் மண் மூட்டையாலும் அடைத்து வைத்திருப்பார்கள். மழையில் ஓர் ஓரம் அரித்துவிடும். படகு விடுவதற்காகவோ மீன் பிடிப்பதற்காகவோ யாராவது உடைத்துவிடுவதும் நடக்கலாம். ஒரு முழ உடைப்பு போதும். ஒரு பருவம் முழுதும் சேர்த்த தண்ணீர் ஓடிவிடும். அதனால் நடந்து போய் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நாளைப் பார்ப்பது. எந்த நாளில் ஆபத்து அதிகம் என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்குத்தான் மலேசிய வானிலை ஆய்வுத் துறை 2003 முதல் தீ அபாய மதிப்பீட்டு முறை ஒன்றை நடத்திவருகிறது. கனடா நாட்டின் முறையை நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்தது அது. மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றைக் கணக்கிட்டு நாள்தோறும் வரைபடம் வெளியிடுகிறார்கள். நீலம் என்றால் ஆபத்து குறைவு. பச்சை என்றால் நடுத்தரம். மஞ்சள் என்றால் அதிகம். சிவப்பு என்றால் மிகக் கடுமை. காட்டோரத்தில் இந்த நிறங்களோடு அறிவிப்புப் பலகைகளும் வைத்திருக்கிறார்கள். மேற்குக் கரையில் ஆண்டுத் தொடக்க மாதங்களிலும், ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலும் மழை குறையும் காலத்தில் இதைக் கவனிக்க வேண்டும். எல் நினோ ஆண்டுகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

நான்காவது, மனிதரைப் பார்ப்பது. நம் ஈரக் காட்டில் தீ தானாகப் பிறப்பது அரிது. யாரோ ஒருவர் வைத்துத்தான் பிறக்கிறது. நிலத்தைச் சுத்தம் செய்யப் புதரைக் கொளுத்துகிறவர் இருக்கிறார். தூண்டில் போட வந்து கொசுவுக்குப் புகை போட்டுவிட்டு அப்படியே போகிறவர் இருக்கிறார். சிகரெட்டைச் சுண்டி எறிகிறவரும் இருக்கிறார். ரோந்து போகும் தீக்காவலர் புதிதாக வெட்டிய பாதை, புதிதாகச் சாய்த்த செடிகொடி, புது மோட்டார் சைக்கிள் தடம் இவற்றையெல்லாம் கவனிக்கிறார். தீ வைக்குமுன்பே அங்கே ஓர் ஆள் வந்து 'என்ன வேலை?' என்று கேட்டுவிட்டால், பாதித் தீ அங்கேயே அணைந்துவிடுகிறது.

ஐந்தாவது, சொல்வதும் திரும்பிப் போய்ப் பார்ப்பதும். புகையைக் கண்டால் இடத்தைக் குறித்து வனத்துறைக்கும் தீயணைப்பு மீட்புப் படைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். சிறியது என்றால் முடிந்த அளவு அணைக்கலாம். ஆனால் அணைத்த பிறகுதான் கரிமண் காட்டில் பெரிய வேலை இருக்கிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்பிப் போக வேண்டும். மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நீறு பூத்த நெருப்பை நம்பக் கூடாது.

நன்றி கிடைக்காத வேலை

தீயணைப்பு வீரர் எரியும் வீட்டிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் பத்திரிகையில் படம் வரும். வர வேண்டியதுதான். தீக்காவலரின் வெற்றிக்குப் படம் கிடையாது. அவர் தம் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் அன்றைக்கு எதுவுமே நடந்திருக்காது. நடக்காததை யார் படம் பிடிப்பார்கள்? 'எதுவும்தான் நடக்கவில்லையே, இவர்களுக்கு எதற்குச் செலவு?' என்று கேட்கவும் ஆள் இருப்பார்கள். மழைக் காலத்தில் மறந்துவிட்டு, புகை வந்த பிறகு கோடிக் கணக்கில் செலவழிப்பது எந்த ஊர்க் கணக்கு?

வள்ளுவர் 435ஆம் குறளில் இதைத்தான் உவமையாகச் சொன்னார். வருவதற்கு முன்பே காத்துக்கொள்ளாதவன் வாழ்க்கை நெருப்பின் முன்னே வைத்த வைக்கோல் போர் போன்றது என்றார். அவர் மனிதனின் குற்றத்தைப் பற்றிப் பேசினார். ஆனால் உவமைக்கு அவர் எடுத்துக்கொண்டதே தீக்காவல்தான்.

இது ஆபத்தில்லாத வேலையும் அல்ல. 2020 பிப்ரவரி 16ஆம் நாள் கேரளாவின் திருச்சூர் மாவட்டத்தில் கொட்டாம்பத்தூர் என்ற இடத்தில் காட்டுத்தீயை அணைக்கப் போன வனக் காவலர்கள் மூவர் தீக்குள் சிக்கி உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் தீ பரவியபோது, மலையேறப் போயிருந்தவர்களில் 23 பேர் மாண்டார்கள். அங்கெல்லாம் கோடைக் காலத்தில் மலையோர மக்களையே தீத்தடுப்புக் காவலர்களாக வேலைக்கு வைக்கிறார்கள். காடு காய்வதற்கு முன்பே சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுவதும், புகை தெரிகிறதா என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. அது மலை, காய்ந்த புல், மேல் நோக்கிப் பாயும் சுடர். இங்கே சமவெளி, கரிமண், கீழே இறங்கும் கனல். நிலம் வேறு. ஆனால் முதலில் பார்ப்பவர் எங்கேயும் அந்த நிலத்தை நன்கு அறிந்த உள்ளூர்க்காரர்தான். அவருக்கு நல்ல காலணி, ஒரு தொடர்புக் கருவி, கூட ஓர் ஆள், காப்புறுதி ஆகியவை இருக்கின்றனவா என்று கேட்பது நம் கடமை.

கேள்வியும் பதிலும்

கேள்வி: இப்போதுதான் செயற்கைக்கோள் வந்துவிட்டதே. மனிதர் நடந்துபோய்ப் பார்ப்பது எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. செயற்கைக்கோள் பெரிய உதவிதான். ஆனால் இதற்குப் பயன்படும் செயற்கைக்கோள்களில் பல நம் தலைக்கு மேல் நாளுக்குச் சில முறைதான் கடக்கின்றன. மேகமோ அடர்ந்த புகையோ இருந்தால் அவற்றின் கண் மறைந்துவிடும். பழைய கருவியில் ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர் அகலம். 2011க்குப் பிறகு வந்த கருவியில் 375 மீட்டர். மேலேயிருந்து 'தீப்புள்ளி' என்று தெரிவதற்குள் தீ ஓரளவு வளர்ந்திருக்கும். மண்ணுக்கு அடியில் சுடரில்லாமல் கனல்வது பல நேரங்களில் தெரியவே தெரியாது. தீக்காவலரின் மூக்கு அதற்கு முன்பே கண்டுபிடித்துவிடும். செயற்கைக்கோள் இருப்பதால் தீக்காவலர் எங்கே போக வேண்டும் என்பது சுலபமாகிறது. போக வேண்டியவர் அவரேதான்.

கேள்வி: தோட்டத்திலும் வீட்டிலும் குப்பையைக் கூட்டிக் கொளுத்துவது நம் பழக்கம். அதையும் குற்றம் என்கிறீர்களா?

பதில்: நான் சொல்லவில்லை, சட்டம் சொல்கிறது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்கிறது. கடுமையான அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்க அதில் இடமுண்டு. சமய வழிபாடு போன்ற சில காரியங்களுக்கு மட்டும் வரையறையோடு விலக்கு இருக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நிறுத்த வேண்டாம். செம்மண்ணில் கொளுத்தினால் சாம்பலோடு முடிந்துவிடலாம். கரிமண்ணில் கொளுத்தினால், நீங்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் அது எரியும். ஒரே பழக்கம்தான், மண் மாறினால் விளைவு மாறிவிடுகிறது.

கேள்வி: புகை இந்தோனேசியாவிலிருந்துதானே வருகிறது? நாம் இங்கே காவல் காத்து என்ன பயன்?

பதில்: 2005இல் வந்தது பெரும்பாலும் அங்கிருந்துதான். அதற்கு நாடுகள் பேச வேண்டும், பேசியும் இருக்கின்றன. எல்லை தாண்டும் புகைமூட்டத்தைப் பற்றிய ஆசியான் உடன்படிக்கை 2002 ஜூன் 10ஆம் நாள் நம் கோலாலம்பூரிலேயே கையெழுத்தாகி, 2003 நவம்பரில் நடப்புக்கு வந்தது. இந்தோனேசிய நாடாளுமன்றம் 2014இல்தான் அதற்கு ஒப்புதல் தந்தது. பன்னிரண்டு ஆண்டு! இனி ஒரு கணக்குப் பாருங்கள். அடுத்த வீட்டுக்காரர் புகை போடுகிறார் என்று கோபப்படும் நாம், நம் வீட்டுக் கொல்லையில் புகைவதைக் கவனிக்காமல் இருந்தால் அவரிடம் எந்த முகத்தோடு போய்ப் பேசுவது? மேலும் ராஜா மூசாவில் தீப்பிடித்தால் அந்தப் புகைக்குக் கடல் தாண்டும் வேலையே இல்லை. நேரே பெஸ்தாரி ஜெயாவில் உள்ள பிள்ளையின் நெஞ்சுக்குள் போய்விடும்.

கேள்வி: என்னைப் போன்ற சாதாரண மனிதர் புகையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில், 'யாராவது சொல்லியிருப்பார்கள்' என்று நினைக்காதீர்கள். 999 எண்ணுக்கு அழையுங்கள். எந்தச் சாலை, எத்தனையாவது கிலோமீட்டர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று சொல்லுங்கள். புகை வெள்ளையாகத் தரையோடு படிந்திருக்கிறதா, சுடர் தெரிகிறதா என்பதையும் சொல்லுங்கள். கரிமண் நிலத்தில் தனியாக உள்ளே இறங்காதீர்கள். கால் வைக்கும் இடம் உறுதியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளை வேடிக்கை பார்க்க அழைத்துப் போகாதீர்கள். இரண்டு நாள் கழித்து அதே சாலையில் போகும்போது, மறுபடியும் ஒருமுறை அந்தப் பக்கம் பாருங்கள். அந்த ஒரு பார்வையால் நீங்களும் தீக்காவலர் ஆகிவிடுகிறீர்கள்.

முடிவாக

கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவாத்தி என்ற குன்று இருக்கிறது. அங்கே 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஒரு காலத்தில் பகைவரின் கப்பலைப் பார்க்க அங்கே கோட்டை கட்டினார்கள். இன்றும் நோன்பு மாதப் பிறையைப் பார்க்க அங்கே ஏறுகிறார்கள். தூரத்தில் வருவதை முன்கூட்டியே பார்த்துச் சொல்வது இந்த மண்ணுக்குப் பழக்கமான தொழில்தான்.

அடுத்த முறை பிள்ளைகளோடு கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறும்போது, அவர்களுக்கு மின்மினியைக் காட்டுங்கள். பெரெம்பாங் மரமும் ஈரமான கரையும் இருந்தால்தான் அந்தப் பூச்சி வாழும் என்று சொல்லுங்கள். பிறகு வடக்கே இருட்டைக் காட்டி, 'அங்கே ஒரு காடு இருக்கிறது. அது நனைந்திருக்கிறதா என்று குழாயில் அளந்து பார்க்க நாளைக் காலையில் ஒருவர் போவார். அவர் போவதால்தான் நாம் இந்த ஆற்றில் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்' என்றும் சொல்லுங்கள்.

அவர் பெயர் நமக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் அளந்து எழுதும் எண் நம் பிள்ளைகளின் மூச்சுக் கணக்கு. அதை மட்டும் மறவாமல் இருப்போம்.